மீந்த சோறும் கொல்லைக் கீரையும்

(நம் ஆலய மண்டபத்தில் மகளிர்க்கென நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சமயம் பற்றிப் பேசுவதற்கு அறிஞர் பலர் இம்மேடைக்கு வந்து சென்றுள்ளனர். எனக்குத் தரப்பட்ட தலைப்போ அடுப்பங்கரையைச் சார்ந்தது. முதல் நாள் மிஞ்சிய சோற்றையும் குழம்பையும், வீட்டைச் சுற்றி முளைக்கும் கீரை காய்களையும் கொண்டு ஒரு குடும்பத்தின் பசியை எவ்வாறு ஆற்றுவது என்பதே அது. இதற்கும் ஓர் உரை வேண்டுமா என்று சிலர் எண்ணக்கூடும். 2023ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உள்ளூர் வெள்ளை அரிசி தேடிக் கடை கடையாக ஏறி இறங்கியவர்கள் அவ்வாறு எண்ணமாட்டார்கள்.

அவ்வாண்டு ஜூலை 20ஆம் நாள், பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியை ஏற்றுமதி செய்வதற்கு இந்திய அரசு தடை விதித்தது. செப்டம்பர் முதல் நாள், இங்கே பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளியாக உயர்த்தியது. 10 கிலோ 26 வெள்ளி எனக் கட்டுப்பாட்டு விலையில் விற்ற உள்ளூர் அரிசியோ கடைத்தட்டுகளிலிருந்து மறைந்தது. இந்தியாவின் தடை 2024 செப்டம்பரில் நீங்கியது. ஆயினும் இந்நாடு உண்ணும் அரிசியில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானது கப்பலேறி வருவது என்னும் உண்மையை அந்தச் சில மாதங்கள் நமக்குக் காட்டிச் சென்றன.

நம் முன்னோர் இதைவிடக் கொடிய காலத்தைக் கண்டவர்கள். போருக்கு முன்னர் மலாயா உண்ட அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பர்மா, சயாம் முதலிய நாடுகளிலிருந்தே வந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கைக் கைப்பற்றிய பின், அரிசி வரத்து குன்றியது. பங்கீட்டு அரிசியும் வரவரச் சுருங்கியது. தோட்டத்து ஆண்கள் பலர் சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பி வராத காலம் அது. எஞ்சியிருந்த பெண்கள் லயத்து வாசலிலும் ஆற்றோரத்திலும் மரவள்ளிக் குச்சியை நட்டுப் பிள்ளைகளைக் காத்தனர். மரவள்ளியை அவித்தனர், துருவி அடை தட்டினர், காயவைத்து மாவாக்கினர், அதன் கொழுந்து இலையையும் வேகவைத்துக் கடைந்தனர். அக்காலத்தில் வாழ்ந்த முதியோர் சிலர் பின்னாளில் மரவள்ளியைத் தட்டில் கண்டாலே முகம் திருப்பியதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அந்த வெறுப்பின் பொருள் நமக்குப் புரிய வேண்டும். சிக்கனச் சமையலைப் பற்றிப் பேசும்போது பட்டினியைப் பெருமைப்படுத்திவிடக் கூடாது. வறுமை வேறு, செட்டு வேறு.

அரசும் ஒரு காலத்தில் இதனை ஊக்குவித்தது. 1974ஆம் ஆண்டு துன் அப்துல் ரசாக் பிரதமராக இருந்தபோது, வீட்டு மனையில் காய்கறி பயிரிடுமாறு மக்களை வேண்டிய பச்சைப் புத்தகத் திட்டம் தொடங்கப்பட்டது. தோட்டங்களை விட்டு வெளியேறி, பிறைத் தொழிற்பேட்டையின் வேலைக்காக அடுக்குமாடிகளில் குடியேறியவர்களுக்குக் கொல்லையும் இல்லாது போயிற்று, பழக்கமும் விட்டுப்போயிற்று. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து வருமானம் நின்றபோதுதான், பலர் மீண்டும் ஒரு தொட்டியில் கீரை விதையைத் தூவினர்.

இனி, நம் வீடுகளில் வாய்விட்டுப் பேசப்படாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். பழையது என்றாலே தீட்டு என்றும், அதனை உண்டால் வீட்டில் தரித்திரம் தங்கும் என்றும் கருதும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. இறைவனுக்குப் படைக்கும் நைவேத்தியம் அன்றன்று புதிதாக, தூய்மையாகச் சமைக்கப்பட வேண்டும் என்பதில் இருவேறு கருத்தில்லை. எச்சில் என்பது ஒருவர் வாய் பட்டது. மீதம் என்பது கை படாமல் பாத்திரத்தில் எஞ்சியது. இவ்விரண்டையும் ஒன்றாக்கி, நல்ல சோற்றைக் குப்பையில் கொட்டுவதற்கு நாம் ஆசாரத்தைக் காரணம் காட்டுகிறோம். தமிழர் உழவே பழையசோற்றிலும் நீராகாரத்திலும் நடந்தது என்பதை மறந்துவிட்டோம்.

ஆனால், அந்தப் பழையது யார் தட்டில் விழுகிறது? கணவருக்கும் பிள்ளைகளுக்கும் ஆவி பறக்கப் புதிய சோறு. நேற்றைய குழம்பும் ஆறிய சோறும் அம்மாவுக்கு, அதுவும் எல்லாரும் உண்டு எழுந்த பின், அடுப்படி மூலையில். "எனக்கு இதுவே போதும்" என்று அவர் சொல்வதை நாம் தியாகம் என்று பாராட்டிப் பேசி முடித்துவிடுகிறோம். நான் இதனைப் பாராட்ட மாட்டேன். மீந்ததை நல்ல பக்குவத்தில் மாற்றிச் சமைத்து, எல்லாருக்கும் ஒரே பந்தியில் பரிமாறுவதே முறை. ஆண்மக்களும் இங்கே வந்திருப்பதால் இதைச் சற்று உரக்கவே சொல்கிறேன்.

முதலில் சோறு. இதில் சுவையைவிடப் பாதுகாப்பே முன்னிற்க வேண்டும். அரிசியில் இயல்பாகவே இருக்கக்கூடிய பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. பெரிய பானையில் சோற்றை மூடி வெதுவெதுப்பாக விட்டுவிட்டால், அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஆகவே, "சுட வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்னும் நம்பிக்கை சோற்றைப் பொறுத்தவரை தவறானது. இரவு உணவு முடிந்ததும் எஞ்சிய சோற்றை அகன்ற தட்டில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். மறுநாளே பயன்படுத்த வேண்டும். ஒருமுறைக்கு மேல் சூடாக்கலாகாது.

பழையசோறு வேண்டுவோர், சோறு ஆறியவுடனே தூய சட்டியில், கொதித்து ஆறிய நீரில் அது மூழ்குமாறு ஊற்றிவைத்து, காலையிலேயே உண்டுவிட வேண்டும். நன்கு புளித்த சோற்றில் இனிய புளிப்பு மணமே இருக்கும். பிசுபிசுப்போ துர்நாற்றமோ தோன்றினால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். அங்கே சிக்கனம் பார்ப்பது மருத்துவச் செலவில் முடியும். கைக்குழந்தைகளுக்கும் நோயுற்றோருக்கும் கருவுற்றோருக்கும் இதனைத் தரவேண்டாம். மற்றவர்களுக்கு மோரும் சின்ன வெங்காயமும் ஒரு பச்சைமிளகாயும் இருந்தால், கோப்பியும் ரொட்டியும் தராத நிறைவை அது தரும்.

குளிர்ந்த சோறு பொலபொலவென்று உதிரும். சோற்றின் மாவுச்சத்து ஆறும்போது இறுகிவிடுவதே அதன் காரணம். நம் அண்டை வீட்டு மலாய்க்காரர்களும் சீனர்களும் நாசி கோரேங்குக்கு முதல் நாள் சோற்றையே தேடுவது இதனால்தான். நம் புளிச்சோற்றுக்கும் எலுமிச்சைச் சோற்றுக்கும் அதுவே ஏற்றது. குழைந்துவிட்ட சோறாயின், அதனை மசித்து, ஒரு கை அரிசிமாவும் அரிந்த வெங்காயமும் பச்சைமிளகாயும், உருவிய முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடியும் சேர்த்துப் பிசைந்து, தோசைக்கல்லில் அடையாகத் தட்டலாம். கீரை உண்ண மறுக்கும் பிள்ளைகளும் இந்த அடையை மறுப்பதில்லை. வெயில் காலத்தில் அதே சோற்றைச் சீரகம், உப்பு, மிளகாய் சேர்த்து அரைத்து வடகமாக இட்டுவைத்தால் மழைக்காலத்துக்கு உதவும். பினாங்கில் சனவரி, பிப்ரவரி மாதங்களே இதற்கு வாய்ப்பானவை.

குழம்பு வகையில் தமிழ்நாட்டுக் கல்யாண வீட்டு வழக்கம் ஒன்றை நினைவூட்டுகிறேன். விருந்துக்கு மறுநாள், எஞ்சிய சாம்பார், கூட்டு, பொரியல் அனைத்தையும் ஒரே சட்டியில் சேர்த்துச் சுண்டவைப்பார்கள். விருந்தைவிட அந்தச் சுண்டக்கறிக்காகவே தங்கிவிடும் உறவினர் உண்டு. வீட்டிலும் அவ்வாறே செய்யலாம். ஆனால் தேங்காய்ப்பால் சேர்த்த கறி விரைவில் கெடும். அதனை இந்தச் சட்டியில் சேர்க்கவேண்டாம். மிஞ்சிய சாம்பார் கெட்டியாகிவிட்டால், வேகவைத்த பசலையையோ பூசணிக் கொழுந்தையோ அதில் போட்டு ஒரு கொதி விட்டால், கீரைச் சாம்பார் என்று பெயர் மாறிவிடும். இட்லி மிஞ்சினால் உதிர்த்துத் தாளிக்கவும். மாவு புளித்துவிட்டால் கேழ்வரகு மாவு கலந்து ஊத்தப்பமாக வார்க்கவும். இவையெல்லாம் நீங்கள் அறியாதவை அல்ல, ஆகவே விரிக்கவில்லை.

காய்களின் தோலைப் பற்றி மட்டும் ஒரு சொல். பீர்க்கங்காய்த் தோல் துவையல், வாழைக்காய்த் தோல் வதக்கல், தர்பூசணியின் வெண்பகுதியில் பாசிப்பருப்புக் கூட்டு ஆகியவை செலவில்லாத கறிகள். வாழை மரம் ஒன்று வெட்டப்பட்டால் பூவும் தண்டும் இரண்டு நாள் சமையலாகும். சந்தையில் இவற்றுக்குக் காசு கொடுக்கும் நாம் சொந்த மரத்தின் தண்டை வடிகாலோரம் வீசுவது எனக்கு என்றுமே விளங்கியதில்லை.

அர்ச்சனைத் தட்டில் திரும்பி வரும் தேங்காய் மூடிகளும் வாழைப்பழங்களும் நம் வீடுகளுக்கே உரிய மீதம். பிரசாதம் என்பதால் எறியவும் மனமில்லை, உண்ணவும் நேரமில்லை. இறுதியில் மேசைமேல் கறுத்துப்போகின்றன. கறுத்த பழத்தில் கோதுமை மாவும் சீனியும் ஏலக்காயும் சேர்த்தால் பணியாரம். தேங்காயை அன்றே துருவி உறைபெட்டியில் வைக்கலாம். இல்லையேல் வரமிளகாய், உளுந்து, பூண்டுடன் வறுத்துப் பொடியாக்கினால் பல நாள் தாங்கும். தைப்பூசத்தில் உடைக்கப்படும் தேங்காய்களின் எண்ணிக்கையைக் குறைக்குமாறு பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பலமுறை வேண்டுகோள் விடுத்துள்ளது. 2019ஆம் ஆண்டு மறைந்த எஸ்.எம். முகமது இத்ரீஸ் அவர்கள் நீண்டகாலம் தலைமை வகித்த அச்சங்கம், வீட்டுத் தோட்டத்தையும் பிறைவாசிகள் உட்பட இம்மாநில மக்களிடம் வலியுறுத்தி வந்திருக்கிறது. தேங்காய் குறித்து அவர்கள் சொல்வது சிலருக்குக் கசக்கலாம். நேர்த்திக்கடன் ஒருவரின் தனி உரிமை. அதில் நான் தலையிடவில்லை. உடைத்தபின் அள்ளிக் குப்பைவண்டியில் ஏற்றுவதைப் பற்றியே எனக்குக் கவலை.

ஏனெனில் அந்த வண்டி போய்ச்சேரும் இடம் நமக்குத் தொலைவில் இல்லை. நம் மாநிலத்தின் குப்பை நிபோங் திபாலை அடுத்த பூலாவ் பூரோங் நிலநிரப்பு மையத்தில் கொட்டப்படுகிறது. 2022 சனவரியில் அங்கே மூண்ட தீயின் புகை சுற்றுவட்டாரத்து மக்களை நாள்கணக்கில் வாட்டியது. 2012ஆம் ஆண்டில் நாடளாவிய நிலையில் எடுக்கப்பட்ட ஆய்வில், வீட்டுக் குப்பையில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் உணவுக் கழிவே எனக் கண்டறியப்பட்டது. மண்ணுக்குள் புதையுண்டு காற்றின்றி அழுகும் உணவிலிருந்துதான் தீப்பற்றும் மீத்தேன் வாயு உண்டாகிறது.

தோட்டத்துக்கு வருகிறேன். நிலமில்லை என்று சொல்வோர் காலி எண்ணெய்த் தகரத்தின் அடியில் துளையிட்டுத் தொடங்கலாம். சந்தையில் வாங்கிய கங்கோங்கின் அடித்தண்டை விரற்கடை அளவு விட்டு நட்டால் மீண்டும் துளிர்க்கும். பசலை, சர்க்கரைவள்ளிக் கொடி, முருங்கை ஆகிய மூன்றுக்கும் விதையே வேண்டா. வெட்டிய கொம்பு போதும். வல்லாரைக்கு நிழலும் ஈரமும் இருந்தால் மாடிப் படியோரமும் சம்மதமே. தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கவிடாதீர்கள்; ஏடிஸ் கொசு அதற்கென்றே காத்திருக்கிறது.

இரண்டு எச்சரிக்கைகள். மரவள்ளிக் கிழங்கிலும் இலையிலும் சயனைடு நஞ்சை உண்டாக்கும் பொருள் உண்டு. கிழங்கைத் தோலுரித்துத் துண்டாக்கி, இலையைக் கசக்கி, நிறைந்த நீரில் நன்றாக வேகவைத்து அந்நீரைக் கொட்டிவிட வேண்டும். பச்சையாக உண்ணவே கூடாது. நாம் தவசிக்கீரை என்றும் மலாயில் சாயூர் மானிஸ் என்றும் வழங்கும் கீரை சமைத்து உண்ண ஏற்றது. உடல் இளைக்கும் என்று நம்பி அதனைப் பச்சையாக அரைத்து நாள்தோறும் குடித்த பலர், 1990களின் நடுவில் தைவானில் மீளாத நுரையீரல் நோய்க்கு ஆளாயினர். எந்த இலையையும் சாறெடுத்துக் குடித்தால் மருந்து என்று இக்காலத்தில் கைப்பேசியில் வரும் செய்திகளைக் கேட்டு ஏமாறாதீர்கள்.

நிறைவாக, நம் ஆலய அன்னதானம். மணிமேகலையின் அமுதசுரபி நம் மடைப்பள்ளியில் இல்லை. அளந்துதான் சமைக்க வேண்டியிருக்கிறது. திருவிழா நாள்களில் இலையில் முதலில் சிறிதாகப் பரிமாறி, கேட்டவர்க்கு மறுமுறை நிறையப் பரிமாறும்படி தொண்டர்களுக்குச் சொல்லுமாறு நிர்வாகத்தை வேண்டுகிறேன். எஞ்சுவதை இரவு வெகுநேரம் அண்டாவிலேயே வைத்திருந்து, பின்னர்ப் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். பந்தி ஓய்ந்தவுடன், சூடு இருக்கும்போதே கட்டி, யார் வீட்டில் தேவை இருக்கிறதோ அங்கே அன்றைக்கே சேர்ப்பதற்கு இரண்டு இளைஞர்கள் மோட்டார் சைக்கிளுடன் முன்வந்தால் போதும். வாங்குபவர் மனம் கூசாதபடி, பெயர்ப் பட்டியல் ஒட்டாமல், படம் எடுக்காமல் செய்ய வேண்டும்.

மண்டபத்தின் பின்புறம் முருங்கைக் கொம்புகளும் பசலைக் கொடிகளும் வெட்டி ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறோம். வேண்டுவோர் போகும்போது எடுத்துச் செல்லலாம். முருங்கையை இரண்டு நாள் நிழலில் ஆறவைத்த பிறகே நடவும்.