எத்தனை மணி நேரம்? எத்தனை தடவை?



பரிசளிப்பு விழாவில் வாத்தியார் வீடியோ விளையாட்டைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் நினைக்கலாம். என்னைப் பேச வைத்தவர் ஈசூனில் இருக்கும் ஒரு தகப்பனார். பள்ளி விடுமுறை முடிந்ததும் என்னிடம் வந்தார். "சார், 70 வெள்ளி குடுத்து ஒரு கேம் வாங்கிக் குடுத்தேன். 60 மணி நேரம் ஓடும்னு சொன்னாங்க. பையன் லீவுலயே முடிச்சிட்டான். இப்போ அதைத் தொடுறதே இல்ல, அடுத்ததைக் கேக்கிறான்" என்றார். இரவு வேலை பார்க்கிற மனிதர். அந்த 70 வெள்ளி அவருக்கு லேசில் வந்த காசு இல்லை.

பெற்றோர்களே, நாம் நீளத்தைப் பார்த்து வாங்குகிறோம். ஆனால், நீளம் வேறு, ஆயுள் வேறு. சில விளையாட்டுகளில் பாதி நேரம் காட்டைக் கடந்து நடப்பதிலேயே போய்விடும். மீதி நேரம் ஒரே மாதிரி எதிரியைத் திரும்பத் திரும்ப அடிப்பதில் போகும். தண்ணீர் ஊற்றிப் பெருக்கிய சாம்பார் அது. அளவு கூடும், ருசி கூடாது. நீளமான விளையாட்டு எல்லாமே அப்படி என்று நான் சொல்லவில்லை. நல்ல கதையுள்ள விளையாட்டு நல்ல நாவலைப் போல. அதை ஒரு தடவை அனுபவித்தாலும் போதும்.

நம் பாட்டிமார் ஆடிய பல்லாங்குழியை நினைத்துப் பாருங்கள். 14 குழி, கொஞ்சம் புளியங்கொட்டை அல்லது சோழி, அவ்வளவுதான். பலகை இல்லாவிட்டால் மண்ணிலேயே குழி தோண்டிக்கொள்ளலாம். நம் மலாய் அண்டை வீட்டாரிடமும் 'சொங்காக்' என்று இதன் உறவுக்கார விளையாட்டு உண்டு. ஓர் ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால், "இன்னொரு ஆட்டம் போடுவோம் வா" என்று கூப்பிடாத பேத்தி உண்டா?

வீடியோ விளையாட்டிலும் இதே கதைதான். 1984இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் 'டெட்ரிஸ்' என்ற விளையாட்டை உருவாக்கினார். அதில் கதை கிடையாது. மேலிருந்து விழும் 7 வடிவங்கள், அடுக்க வேண்டியது நம் வேலை. 1989இல் வெளிவந்த அதன் நின்டெண்டோ பதிப்பை, 2023 டிசம்பரில் 13 வயது அமெரிக்கச் சிறுவன் ஒருவன் ஏறத்தாழ 38 நிமிடம் விடாமல் ஆடினான். 157ஆம் கட்டத்தில் விளையாட்டே தாங்காமல் நின்றுபோனது. அவன் பிறப்பதற்கு 20 ஆண்டுக்கு முன்பே வந்த விளையாட்டு அது!

நம் சிங்கப்பூரிலேயே ஒரு சான்று உண்டு. 2024 டிசம்பர் 12ஆம் தேதி, செந்தோசாத் தீவில், சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷ், சீனாவின் டிங் லிரெனை 14ஆவது ஆட்டத்தில் வென்று உலகச் சதுரங்க வெற்றியாளர் ஆனார். அதே 64 கட்டம், அதே 32 காய். அவர் 7 வயதில் ஆடத் தொடங்கியது. அதற்குள் இன்னும் புதுசு இருக்கிறது.

ஆனால், எச்சரிக்கையாகவும் இருக்க வேண்டும். திரும்பத் திரும்ப ஆட வைப்பது எல்லாம் நல்லதில்லை. சில கைப்பேசி விளையாட்டுகள் இலவசமாக வரும். இன்று வராவிட்டால் பரிசு போச்சு என்று பிள்ளையைப் பயமுறுத்தும். பிறகு காசு கொடுத்தால் சீக்கிரம் முன்னேறலாம் என்று ஆசை காட்டும். அங்கே பிள்ளை விளையாட்டைத் தேடிப் போகவில்லை, விளையாட்டு பிள்ளையைப் பிடித்து இழுக்கிறது.

ஆகவே வாங்குமுன், "எத்தனை மணி நேரம் ஓடும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். பிள்ளையிடம், "முடிச்ச பிறகு இதை மறுபடி ஏன் ஆடுவே?" என்று கேளுங்கள். "நேத்தைவிட இன்னிக்கு நல்லா ஆடணும்" என்று சொன்னால் வாங்கிக் கொடுங்கள். "ஆடலேன்னா பரிசு போயிடும்" என்று சொன்னால் யோசியுங்கள். காசு இல்லையென்றால் வருத்தப்பட வேண்டாம். ஒரு சதுரங்கப் பலகையை வாங்கி, வேலை முடிந்து வந்து எதிரே உட்காருங்கள். அப்பா தோற்கும் நாளைப் பிள்ளை ஆயுளுக்கும் மறக்க மாட்டான்.

மாணவச் செல்வங்களே, பாடப் புத்தகமும் இப்படித்தான். தேர்வோடு மூடி வைத்தால் அது முடிந்துபோன விளையாட்டு. திரும்பத் திறந்து பார்ப்பவனுக்கு ஒவ்வொரு தடவையும் அது புது ஆட்டம்.