சிவந்த காலும் அரைப்பேரும்

மழை பிடித்துவிட்டால் இலங்கையின் டிக்கோயா, மஸ்கெலியாப் பக்கத்து மலைகளில் அட்டைக்குத் தப்பிய கால் கிடையாது. சவர்க்காரம் தேய்த்துப் போனாலும் ஒன்றிரண்டு ஏறிவிடும். கடிக்கும்போது வலிக்காது. அட்டையின் எச்சில் இரத்தத்தை உறையவிடாது. அதனால் கடிவாய் ஒழுகிக்கொண்டே இருக்கும். அரிப்பு பிறகுதான் வரும். மண் படிந்த நகத்தால் சொறிந்த கடிவாயும், ஈரத்தில் ஊறி வெடித்த விரலிடுக்கும் கிருமி இறங்கும் வாசல்கள். இரண்டு நாளில் கணுக்கால் சிவந்து, கொதித்து, வீங்கும், குளிர்காய்ச்சலும் சேரும். செல்லுலைட்டிஸ் என்னும் இந்தத் தொற்று, நீரிழிவு உள்ளவருக்கு இன்னும் ஆபத்தானது.

மருந்து எளியது: நுண்ணுயிர்க்கொல்லி. கூடவே, காலை உயர்த்தி வைத்து ஓய்வு. தேயிலைத் தோட்டத்தில் கிடைக்காதது இந்த ஓய்வுதான். ஏன் என்று பார்க்க, தாதியியலின் ஒரு கருத்து உதவும்.

சிகாகோவில் 1920இல் பிறந்த மைரா லெவின், தாதிய மாணவியருக்குப் பாடம் சொல்ல வழி தேடியவர். நோயாளியிடம் காக்க வேண்டியவை நான்கு என்று 1967இல் எழுதினார்: உடலின் சக்தி, உடலின் கட்டமைப்பு, தன்மதிப்பு, சுற்றத்தோடான உறவு. நான்கையும் ஒரே ஆளிடம் சேர்த்துப் பார்ப்பதே அவர் சொன்ன முழுமை.

தோலைக் காப்பது கட்டமைப்பு. சிவப்பின் ஓரத்தில் தாதி பேனாவால் கோடு போடுகிறார். மறுநாள் காலையில் சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால் மருத்துவரை அழைக்க வேண்டும். இது வாட்டில் வழக்கமாக நடப்பது.

சக்தியைக் காப்பது அவ்வளவு எளிதல்ல. 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. ஆனால் வேலைக்குப் போனால்தான் 'பேர்', அதாவது ஒரு நாள் கூலி; கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். ஐந்து நாள் படுத்தால் ஐந்து பேர் போய்விடும். அதை அறியாத தாதி, மூன்றாம் நாளே கூடையைத் தூக்கிய பெண்ணை 'சொல்பேச்சு கேட்காதவள்' என்று ஏசிவிடுவார். அந்த ஏச்சு லெவின் சொன்ன தன்மதிப்பைத் தொடுகிறது. மொழியும் அப்படித்தான். தமிழ் மட்டுமே தெரிந்தவரிடம், தமிழ் தெரியாத தாதி மருந்து வேளையைச் சைகையில் சொன்னால் பாதிதான் போய்ச் சேரும்.

சுற்றம் என்பது லயத்துக் காம்பரா, தோட்டத்து வரிசை வீட்டின் அறை. ஒரே அறையில் சமையலும் படுக்கையும், தண்ணீர் வெளிப்பீலியில். வீட்டுக்கு அனுப்பும் முன், "தண்ணி யாரும்மா எடுப்பாங்க, புள்ளைய யாரு பாப்பாங்க?" என்று கேட்டால் மாமியாரையோ பக்கத்துக் காம்பரா அக்காவையோ பார்வை நேரத்தில் உட்காரவைத்து, காலைத் தலையணையில் எப்படி உயர்த்துவது, விரலிடுக்கை எப்படித் துடைத்து உலர்த்துவது என்று காட்டிவிடலாம்.

2017 மே மாதம் டிக்கோயாவில் இந்திய உதவியுடன் 150 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலைக் கட்டடம் திறக்கப்பட்டது. கட்டில் வந்தது பெரிய காரியம். அந்தக் கட்டிலிலிருந்து எழுந்து போகும் பெண்ணின் கையில், எத்தனை நாள் ஓய்வு என்று தமிழில் எழுதிய துண்டு ஒன்றும் இருக்க வேண்டும். தோட்ட வைத்தியரும் கங்காணியும் அதை வாசிக்க வேண்டும்.