கோமாளி மீன்: முட்டைக்கு முன்னே தீனி



ஆடு, கோழி வளர்ப்பதைப் போலவே, தொட்டியில் வண்ண மீன் வளர்ப்பதையும் பலர் உபதொழிலாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கப்பி, மோலி போன்ற நன்னீர் மீன்களில் குஞ்சு எடுத்துப் பழகியவர்கள் அடுத்தபடியாகக் கேட்பது, "கோமாளி மீனையும் இப்படிப் பெருக்க முடியுமா?" என்பதுதான். முடியும். ஆனால் இதில் முட்டையிட வைப்பது சுலபம். பொரித்த குஞ்சை முதல் வாரம் காப்பாற்றுவதுதான் கடினம். லாபமும் நஷ்டமும் அந்த ஒரு வாரத்தில் இருக்கிறது. அதற்கு என்ன செய்யவேண்டும் என்பதை இன்று பார்ப்போம்.

கோமாளி மீன் கடல் மீன். பவளப் பாறைகளுக்கு இடையில், கடல் சாமந்தி என்னும் பூப்போன்ற உயிரினத்தின் மடியில் ஒட்டி வாழும். நம் மன்னார் வளைகுடாவில் கருமை படர்ந்த உடலில் வெள்ளைப் பட்டைகள் கொண்ட ஒரு வகை உண்டு. ஆரஞ்சு நிறத்தில் மூன்று வெள்ளைப் பட்டை போட்ட வகை அந்தமான் கடலில் உண்டு. 2003-இல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்துக்குப் பிறகு குழந்தைகள் கேட்பது இந்த ஆரஞ்சு மீனைத்தான். வீட்டுத் தொட்டிக்கும் இதுவே ஏற்றது. தொட்டியில் பிறந்த குஞ்சுகளையே கேட்டு வாங்குங்கள். அவை போட்ட தீனியைத் தயங்காமல் தின்னும், கடலுக்கும் சேதமில்லை.

தொட்டி மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம் இருந்தால் போதும். சுமார் 130 லிட்டர் பிடிக்கும். கடலோரத்தில் இருப்பவர்கள் சுத்தமான கடல் நீரைத் தெளியவைத்து வடிகட்டிக்கொள்ளலாம். உள்நாட்டில் இருப்பவர்கள் மீன் தொட்டிக்கென்றே விற்கும் கடல் உப்புக் கலவையை, 100 லிட்டருக்குச் சுமார் மூன்றரை கிலோ வீதம் கரைக்கவேண்டும். சமையல் உப்பு ஆகாது. வெயிலில் நீர் வற்றினால் நல்ல தண்ணீரை மட்டும் ஊற்றி நிரப்புங்கள். வற்றுவது தண்ணீர்தானே, உப்பு உள்ளேயே இருக்கும். மறுபடி உப்பு நீரையே ஊற்றினால் நாளுக்கு நாள் உப்பு ஏறிவிடும்.

தண்ணீர் ஊற்றிய அன்றே மீனை விடக்கூடாது. வயலில் யூரியா போட்டால், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுவது உங்களுக்குத் தெரியும். தொட்டியிலும் அதே கதைதான். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா மீனுக்கு விஷம். அதை மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். வயலில் நைட்ரேட்டைப் பயிர் எடுத்துக்கொள்ளும். தொட்டியில் பயிர் இல்லை. ஆகவே வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீரை மாற்றவேண்டும். வெப்பம் 26 முதல் 28 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். செம்பு, பித்தளைப் பாத்திரங்களைத் தொட்டித் தண்ணீரில் விடாதீர்கள். பூச்சிமருந்து தொட்ட கையையும் விடாதீர்கள்.

சரி, ஆண் எது, பெண் எது என்று பார்த்து வாங்குவது எப்படி? இங்கேதான் ஆச்சரியம். கோமாளி மீன் முதலில் ஆணாகவே முதிர்கிறது. கூட்டத்தில் எது பெரிதாகி மற்றவற்றை அடக்குகிறதோ, அது பெண்ணாக மாறிவிடும். அதற்கு அடுத்தது ஆண். மற்றவை பருவத்துக்கே வராது. பெண் செத்துப்போனால் அந்த ஆண் பெண்ணாக மாறும். ஆகவே ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்று இரண்டு இளம் மீன்களை வாங்கி ஒன்றாக விட்டால் போதும், ஜோடி தானே அமையும். ஒரே அளவில் இரண்டு பெரிய மீன்களைப் போட்டால் கடித்துக்கொண்டு சாகும். இளம் மீன் முட்டைக்கு வரப் பல மாதங்கள் பிடிக்கும், பொறுமை வேண்டும். கடல் சாமந்தி இல்லாமலும் இவை முட்டையிடும். ஒரு சிறிய மண்சட்டியையோ ஓட்டுத் துண்டையோ நன்றாக ஊறவைத்து உள்ளே வைத்தால் போதும். இறால், மட்டி, மீன் சதை ஆகியவற்றைப் பொடியாக நறுக்கி நாளுக்கு இரண்டு மூன்று வேளை கொடுங்கள். மிஞ்சியதை உடனே எடுத்துவிடுங்கள். விளக்கு நாளுக்கு 12 மணி நேரம் எரியட்டும்.

இரண்டு மீனும் ஓட்டை வாயால் கொத்திச் சுத்தம் செய்ய ஆரம்பித்தால் முட்டை வரப்போகிறது என்று அர்த்தம். ஒரு ஈட்டுக்குச் சில நூறு முட்டைகள் இடும். ஆண் மீன் துடுப்பால் விசிறிக் காவல் காக்கும். கையை விட்டால் கடிக்க வரும். ஆரஞ்சு நிறமாக இருக்கும் முட்டை நாளாக ஆகக் கறுக்கும். பிறகு குஞ்சின் கண்கள் வெள்ளிபோல் மின்னும். 7 அல்லது 8-ஆம் நாள் இரவு, விளக்கை அணைத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் பொரிக்கும். அன்று மாலையே ஓட்டை முட்டையோடு எடுத்து, தாய்த் தொட்டியின் தண்ணீர் நிரப்பிய வேறொரு தொட்டியில் வைத்து, முட்டைமேல் மெதுவாகக் காற்றுக் குமிழி படும்படி செய்யுங்கள். அந்தத் தொட்டியின் பக்கங்களைக் கறுப்புத் தாளால் மூடி, வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். குஞ்சு மூன்று நான்கு மில்லி மீட்டர்தான் இருக்கும். வயிற்றில் சேமிப்பு மிகக் கொஞ்சம். மறுநாள் காலையிலேயே அதற்குத் தீனி வேண்டும். தூளாக்கிய தீவனத்தைத் தின்னாது. அசைகிற உயிர்த் தீனிதான் வேண்டும். அது ரோட்டிபர் என்ற, கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் நீர்வாழ் நுண்ணுயிர். "முட்டை வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிட்டால், பொரித்தவை அத்தனையும் இரண்டு மூன்று நாளில் பட்டினியால் மடியும்.

ஆகவே நாற்றங்கால் விடுவதற்கு முன்பே வயலைத் தயார் செய்வதுபோல, ஜோடி முட்டையிடும் முன்பே ரோட்டிபர் வளர்ப்பைத் தொடங்குங்கள். தாய் வித்தை வாங்கி, உப்பு நீர் ஊற்றிய வாளியில் காற்று விட்டு, பச்சைப் பாசி நீரைத் தீனியாக ஊற்றினால் பெருகும். வீட்டில் உறைமோர் எடுத்து வைக்கிறோம் அல்லவா, அதுபோல் இரண்டு மூன்று வாளிகளில் தனித்தனியாக வைத்திருங்கள். ஒன்று கெட்டாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

குஞ்சுத் தொட்டியில் தண்ணீர் இளம்பச்சையாக இருக்கும்படி பாசி நீர் ஊற்றி, ஒரு மில்லி லிட்டருக்குச் சுமார் 10 ரோட்டிபர் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து, பொரித்த ஆர்ட்டீமியா குஞ்சுகளைச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். அடியில் தங்கும் கழிவைத் தினமும் மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுங்கள். 10 முதல் 15 நாளில் வெள்ளைப் பட்டை தெரிய ஆரம்பிக்கும். அதுவரை வந்துவிட்டால் பெரும் கண்டம் தாண்டியாயிற்று. மூன்று நான்கு மாதத்தில் விற்கும் அளவுக்கு வரும்.

எடுத்தவுடன் பத்துத் தொட்டி வாங்கிக் கடன் படவேண்டாம். ஒரு ஜோடி போதும். நல்ல ஜோடி மாதம் இரண்டு முறை முட்டையிடும். முதல் ஈடு தவறினாலும் அடுத்த ஈடு வரும். மின்தடைக்குப் பேட்டரியில் ஓடும் காற்றுக் கருவி ஒன்று கையில் இருக்கட்டும். வாங்குபவரைப் பேசி வைத்துக்கொண்டு பிறகு பெருக்குங்கள். விற்காத மீனைக் கடலிலோ கழிமுகத்திலோ விடாதீர்கள். தொட்டி அழகுக்காகப் பவளப் பாறை எடுப்பதும் வேண்டாம். பவளங்கள் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டவை.

மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையத்திலும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும் கோமாளி மீன் குஞ்சு பொரிப்பில் அனுபவம் பெற்ற விஞ்ஞானிகள் உண்டு. தொடங்கும் முன் நேரில் போய்ப் பார்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், முதலில் தண்ணீர், அடுத்து ஜோடி, அதற்கடுத்து ரோட்டிபர், கடைசியில்தான் முட்டை. இந்த வரிசை மாறாமல் செய்பவருக்குக் குஞ்சு நிற்கும்.