பட்டியலைப் பார்த்து ஆட்டத்தைச் சொல்லலாமா?

(நம் முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பு நாளில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு: "புரோ கபடி லீகில் நம்ம தமிழ் தலைவாஸ், அடுத்த சீசன் எப்படி இருக்கும்?" செயலாளர் போன் செய்து, "நீதான் காலேஜ் டீம்ல ஆடினவன், டிவில ஒரு மேட்ச் விடாமப் பாக்கறவன், நீயே பேசிடு" என்றார். நான் ஆடியது ஒரே வருஷம். அதிலும் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து கைதட்டியதுதான் அதிகம். ஆகவே இதை ஒரு நிபுணரின் பேச்சாக எடுத்துக் கொள்ள வேண்டாம். கைதட்டியவனின் பேச்சாக எடுத்துக் கொள்ளுங்கள்.

நேற்று ராத்திரி இன்னொரு போன் வந்தது. பேசியவன் எங்கள் செட்டின் முதல் ரைடர். பெயரைச் சொன்னால் கோபித்துக் கொள்வான். மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். "மச்சான், தலைவாஸ் ஜெயிக்குதோ தோக்குதோ, அது இருக்கட்டும். என் பையன் நல்லா பாடிட்டுப் போறான். செலக்‌ஷனுக்குப் போறேங்கறான். சிப்காட்ல ஒரு கம்பெனியில எடுத்துக்கறேங்கறாங்க. எதுக்கு அனுப்பட்டும்?" என்றான். நான் உடனே பதில் சொல்லவில்லை. நாளைக்கு மேடையில் சொல்றேன் என்றேன். ஒரே பட்டியலை வைத்து இரண்டு கேள்விக்கும் இப்போது பதில் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் அணியின் கதை. புரோ கபடி லீக் 2014-ல் எட்டு அணிகளோடு தொடங்கியது. 2017-ல் ஐந்தாவது சீசனில் நாலு அணிகள் சேர்ந்து பன்னிரண்டு ஆனது. அப்படி வந்ததுதான் தமிழ் தலைவாஸ். உரிமையாளர்களில் ஒருவர் சச்சின் டெண்டுல்கர். கேப்டன் அஜய் தாக்கூர். அவர் சாதாரண ஆள் இல்லை. 2016-ல் அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஈரானை இந்தியா 38-29 என்று வென்றதற்கு அவர்தான் முக்கியக் காரணம். ஆனால் முதல் இரண்டு சீசனிலும் தலைவாஸ் தன் பிரிவில் கடைசி இடம்.

சரி, பெரிய பெயர்கள் இன்னும் வேண்டும் என்று நினைத்தார்கள். 2019-ல் ஏழாவது சீசன். ராகுல் சவுத்ரியை 94 லட்சம் கொடுத்து எடுத்தார்கள். ஏற்கெனவே அஜய் தாக்கூர் இருக்கிறார், மஞ்சீத் சில்லர் இருக்கிறார். அன்று பட்டியலைப் பார்த்து, "இந்த வருஷம் கோப்பை நம்மளுதுடா" என்று என் வீட்டுக் கூடத்தில் நின்று சொன்னவன் நான்தான். முடிவு? பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது இடம். என் வீட்டம்மா இன்று வரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

அடுத்து 2022, ஒன்பதாவது சீசன். ஓர் அணி ஏலத்தில் செலவழிக்கக் கூடிய தொகை அப்போது 4 கோடியே 40 லட்சம். அதில் பாதிக்கு மேல், 2 கோடியே 26 லட்சம், ஒரே ஒருவருக்குப் போனது. அவர் பவன் செராவத். முதல் ஆட்டம் குஜராத்தோடு. அந்த ஆட்டத்திலேயே பவனுக்கு முழங்காலில் அடி. தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தச் சீசன் முழுக்க அவர் திரும்பவே இல்லை. பாதிப் பணம் போச்சு, சீசனும் போச்சு என்று நான் டிவியை அணைத்து விட்டேன்.

ஆனால் நடந்தது வேறு. பயிற்சியாளர் நடுவில் மாறினார். ஆஷன் குமார் வந்தார். நரேந்தர் என்று ஒரு பையன். அவனுக்கு அதுதான் முதல் சீசன். 243 ரெய்டு புள்ளிகள் எடுத்தான். பின்னால் இரண்டு கார்னரிலும் சாகர், சாஹில் குலியா. கவரில் நம் தமிழ்நாட்டுப் பையன் எம். அபிஷேக். அந்த அணி முதன்முதலாக பிளே-ஆஃபுக்குப் போனது. உ.பி. யோதாஸோடு 36-36 என்று சமமாகி, டை-பிரேக்கரில் 6-4 என்று வென்றது. அரையிறுதியில் புனேரி பல்டனிடம் இரண்டே புள்ளி வித்தியாசத்தில், 39-37 என்று தோற்றது. தலைவாஸின் மிகச் சிறந்த சீசன், அதன் மிக விலை உயர்ந்த ஆட்டக்காரர் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த சீசன்தான்.

ஏன் இப்படி? கபடி தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியம் இல்லை. ஏழு பேர் நிற்கிறார்கள். பாடி வருகிறவனுக்கு முப்பது வினாடி. கார்னரில் நிற்பவன் காலைப் பிடித்தால், அதே நொடியில் கவர்காரன் வந்து இடுப்பில் விழ வேண்டும். அரை நொடி பிந்தினால் ரைடர் கோட்டைத் தொட்டு விடுவான். ஒரு புள்ளிக்குப் பதில் இரண்டு, மூன்று போய்விடும். அந்த அரை நொடியை ஏலத்தில் வாங்க முடியாது. சேர்ந்து ஆடி ஆடித்தான் அது வரும். நம்ம லைனில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு இது புரியும். ஒரு நல்ல ஃபிட்டரைப் புதிதாகக் கொண்டுவந்து நிறுத்தினால் மறுநாளே உற்பத்தி ஏறாது. பக்கத்து ஆளின் கை எப்போது நீளும் என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

நம்மைத் தோற்கடித்த புனேரி பல்டன் என்ன செய்தது? பெரும்பாலும் அதே இளைஞர்களை வைத்துக்கொண்டு 2024 மார்ச்சில் ஹைதராபாத்தில் கோப்பை வாங்கியது. அந்த அணியின் கவர் அபினேஷ் நடராஜன் தமிழ்நாட்டுக்காரர் என்பதையும் சொல்லி வைக்கிறேன். நம்ம அணி? அந்தப் பத்தாவது சீசனில் ஒன்பதாவது இடம். 2024 ஏலத்தில் சச்சின் தன்வாருக்கு 2 கோடியே 15 லட்சம். மறுபடியும் ஒன்பதாவது இடம். 2025-ல், பன்னிரண்டாவது சீசனில், பவன் திரும்பி வந்தார், அர்ஜுன் தேஷ்வாலை 1 கோடியே 40 லட்சத்துக்கு மேல் கொடுத்து எடுத்தார்கள். நடுச் சீசனில் பவன் அணியில் இல்லாமல் போனார். முதல் எட்டு இடங்களுக்குள்கூட வர முடியவில்லை.

ஆகவே அடுத்த சீசனுக்கு என் கணிப்பு இதுதான். பட்டியல் வந்ததும் விலையைப் பார்க்காதீர்கள். மூன்றே மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, இரண்டு கார்னர்களும் இரண்டு கவர்களும் போன வருஷம் சேர்ந்து ஆடியவர்களா? இரண்டு, முதல் ரைடர் வெளியே உட்கார்ந்தால் அவருக்குப் பதிலாக மூன்றாவது ரெய்டுக்கு, அந்த 'செய் அல்லது செத்து மடி' ரெய்டுக்கு, யார் போவார்? மூன்று, பயிற்சியாளரை முழுச் சீசனும் இருக்க விடுகிறார்களா? மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தால் பிளே-ஆஃப் நிச்சயம் என்று எழுதிக் கொள்ளுங்கள். இல்லையென்றால் எத்தனை கோடி கொடுத்தாலும் என் வீட்டம்மாவுக்குத்தான் கொண்டாட்டம்.

இனி, மூன்றாவது வரிசை நண்பனுக்கு.

பன்னிரண்டு அணிகள். ஓர் அணியில் அதிகபட்சம் 25 பேர். எல்லா இடமும் நிரம்பினாலும் 300 பேர்தான். அதில் வெளிநாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள், ஹரியானாக்காரர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். "பேரு தமிழ் தலைவாஸ், ஆளு பூரா ஹரியானா" என்று நாம் டீக்கடையில் பேசுகிறோம். அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் அங்கே பையன்கள் சின்ன வயதிலிருந்தே மேட்டில் ஷூ போட்டு ஆடுகிறார்கள். நம்ம கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டைப் பக்கத்துப் பையன்கள் பொங்கல் டோர்னமென்ட்டில் லைட்டைப் போட்டு மண்ணில் வெறுங்காலோடு ஆடுகிறார்கள். மண்ணில் கால் வழுக்கிக் கொடுக்கும்; மேட்டில் பிடித்துக்கொள்ளும். மண்ணில் பழகின முழங்கால் செலக்‌ஷன் அன்றைக்குத்தான் முதன்முதலாக மேட்டைப் பார்த்தால் என்ன ஆகும்? நம்மிடம் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2016-ல் பட்னா பைரேட்ஸ் கோப்பை வாங்கியபோது கேப்டன் தர்மராஜ் சேரலாதன், நம்ம தமிழர். அப்போது அவருக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வாங்கிய இந்தியப் பெண்கள் அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார்.

முந்தின தலைமுறையில் ஒரு வழி இருந்தது. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்த மணத்தி கணேசன் போன்றவர்கள் லீக் பணத்தில் வாழவில்லை. ரயில்வே, மின்வாரியம், போலீஸ், வங்கி என்று வேலை கொடுத்து ஆட வைத்தார்கள். வேலையும் இருந்தது, ஆட்டமும் இருந்தது.

என் நண்பனுக்கு அது கிடைக்கவில்லை. படிப்பு முடித்து ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்ந்தான். மாவட்ட அணிக்குத் தேர்வு வந்தது. ஒரே ஒரு நாள் லீவு கேட்டான். "போனா அப்படியே போயிடு, திரும்பி வராதே" என்றார்கள். வீட்டில் தங்கை கல்யாணம். அவன் போகவில்லை. நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தவனை நான்தான் பார்த்தேன். "தேர்வு முடிஞ்சிருக்கும்ல?" என்று மட்டும் கேட்டான். இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆகவே மச்சான், என் பதில். பையனை டிகிரியை முடிக்கச் சொல். செலக்‌ஷனுக்கு அனுப்பு, ஒரு தடவை இல்லை, வயசு இருக்கிற வரைக்கும் அனுப்பு. லீகில் டி பிரிவுக்குக்கூட அடிப்படை விலை 9 லட்சம், கிடைத்தால் நல்லது. ஆனால் அது வருஷத்தில் சில மாத ஆட்டம், ஒரு முழங்காலை நம்பியது. மாநிலப் போட்டி, தேசியப் போட்டிச் சான்றிதழ்களைப் பத்திரமாக வைக்கச் சொல். தமிழ்நாட்டில் விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அந்த வழி லீகைவிட அகலமானது. சிப்காட் வேலையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆட விடுகிற வேலையாகப் பார்.

அதற்குத்தான் இந்த மேடையில் இரண்டு விண்ணப்பம். நம்ம கல்லூரி மைதானத்துக்குச் சங்கத்தின் சார்பில் ஒரு கபடி மேட் வாங்கித் தர வேண்டும். முதல் தொகையை நானே இன்று செயலாளரிடம் கொடுக்கிறேன். இரண்டாவது, இங்கே மேனேஜராக, எச்.ஆர். ஆக, சூப்பர்வைசராக இருக்கிற நம்ம பழைய மாணவர்களுக்கு. உங்களிடம் ஒரு பையன் வந்து, "சார், செலக்‌ஷன் இருக்கு, ஒரு நாள் லீவு வேணும்" என்று கேட்டால், தயவுசெய்து கொடுத்து விடுங்கள். மேட்டுக்குக் காசு செலவாகும். இதற்கு ஒரு கையெழுத்துதான்.