குடும்ப வழக்கும் செயற்கை நுண்ணறிவும்

(கம்பத்தில் கூடிய நம் சங்க ஆண்டுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



யான் வழக்கறிஞன் அல்லேன். தமிழ் கற்பிக்கும் ஆசிரியன். எனினும் இப்பொருள்பற்றிப் பேசத் துணிந்ததற்குக் காரணமுண்டு. கூடலூர் முதல் சின்னமனூர்வரை, இந்நாளில் கணவன் மனைவியர்க்குள் பிணக்கு நேரினும், உடன்பிறந்தார்க்குள் பாகப்பிரிவினை எழினும், பல வீடுகளில் முதலிற் கேட்கப்படுவார் பெரியோருமல்லர், வழக்கறிஞருமல்லர். கைப்பேசியிலுள்ள செயற்கை நுண்ணறிவே கேட்கப்படுகின்றது. கேட்ட அளவில் விடை வருகின்றது, தமிழிலேயே வருகின்றது, காசும் வேண்டுவதில்லை. ஒரு நாட்கூலியை இழந்து உத்தமபாளையம் நீதிமன்றத்துக்குச் சென்று மீள்வார்க்கு இஃது எத்துணை வசதியென்பதை யான் அறியாதவனல்லேன். அவ்விடை மெய்யோ என்பதே வினா.

எண்ணிறந்த எழுத்துக்களைப் பயின்று, ஒரு சொல்லுக்குப்பின் எச்சொல் வருதல் இயல்போ அச்சொல்லை நிரப்பிச் செல்வதே அவ்வியந்திரத்தின் தொழில். இணையத்தைத் தேடிப் பார்ப்பனவும் உள; அவையும் கண்டதைத் தம் சொல்லாற் கோக்குங்கால் பிழைபடுதல் உண்டு. ஆகவே இல்லாத தீர்ப்பொன்றை, ஆண்டும் எண்ணும் கட்சிக்காரர் பெயரும் அமைய, உள்ளதுபோலவே உரைக்க அதனால் இயலும். தமிழ் கற்றார்க்கு இது புதுமையன்று. வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் உரையுடன் வெளியிட்ட இன்னிலை என்னும் நூலைப் பதினெண்கீழ்க்கணக்கைச் சேர்ந்ததன்று, பிற்காலத்தார் புனைந்ததே என்று பின்னர் அறிஞர் பலர் கூறினர். நடையும் யாப்பும் பொருந்தி நின்றால் பெரியோரும் மயங்குவர்; நாம் எம்மாத்திரம்?

நிற்க. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், பிள்ளைகளைச் சீன நாட்டுக்கு அழைத்துச் செல்ல விரும்பிய ஒரு தந்தையின் பொருட்டு, அவர்தம் வழக்கறிஞர் இரண்டு முன்தீர்ப்புகளை மேற்கோளாகக் காட்டினார். எதிர்த்தரப்பார் தேடினர், கிடைத்தில. இரண்டும் சாட்ஜிபிடி புனைந்தவை! 2024ஆம் ஆண்டில் நீதிபதி அவ்வழக்கறிஞரே செலவுத்தொகை ஏற்குமாறு ஆணையிட்டார். சட்டம் பயின்றாரே இவ்வாறு இடறினர். நம் அண்டை மாநிலத்துக் கேரள உயர்நீதிமன்றமோ, தீர்ப்புக் கூறுதற்கு இக்கருவியைக் கொள்ளலாகாதென்று 2025 ஜூலையிற் கீழ்நீதிமன்றங்களுக்கு நெறி வகுத்தது.

புனைந்த தீர்ப்பினும் அஞ்சத்தக்கது பாதி உண்மை. முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் இருபோக நஞ்சையுடைய ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்ளுங்கள். மகளுக்கு 1987இல் மணமாயிற்று. பூர்வீக நிலத்தில் தனக்குப் பங்குண்டோ என அவள் வினவ, இயந்திரம் 1989ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டத்தைக் காட்டி, அவ்வாண்டு மார்ச்சு 25ஆம் நாளுக்குமுன் மணமான பெண்ணுக்குப் பங்கில்லை என்று விடையிறுக்கக்கூடும். அச்சட்டம் அவ்வாறு கூறியது மெய்யே. ஆனால், 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டம் அவ்வேற்றுமையைக் கருதாது, மகளுக்கும் மகனையொப்பப் பிறப்பாலேயே உரிமை தந்தது. அந்நாளில் தந்தை உயிரோடிருத்தல் வேண்டுமென்பதில்லை என 2020 ஆகஸ்டு 11இல் உச்சநீதிமன்றமும் தெளிவுபடுத்திற்று. 2004 டிசம்பர் 20ஆம் நாளுக்குமுன் முறைப்படி பாகம் பிரிந்திருப்பின், அல்லது விற்பனையாகியிருப்பின், நிலை வேறு. நிலம் பூர்வீகமோ சுயார்ஜிதமோ, பாகப்பத்திரம் பதிவாயிற்றோ அன்றோ என்பன தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பார்த்தார்க்கன்றி விளங்கா. அவள் அவ்விடையை நம்பி, அண்ணன் நீட்டிய விடுதலைப் பத்திரத்தில் ஒப்பமிட்டாளாயின், அதனை மீட்கப் பல்லாண்டு அலைய நேரும்.

அத்தை மகளையும் மாமன் மகளையும் மணத்தல் நமக்கு முறை. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டமோ அவ்வுறவைத் தடைபட்ட உறவில் வைத்து, வழக்கம் இருப்பின் தடையில்லையென விலக்களித்தது. விதியை மட்டும் உரைத்து விலக்கை விடுத்தால், அம்மணமே செல்லாதென்றாகிவிடும்!

இனி, நம் சங்கத்தாரைப்பற்றியும் ஒன்று சொல்லவேண்டும், சினங்கொள்ளாதீர்கள். ஊர்க்கூட்டத்தில் தீர்த்து எழுதிக்கொண்டால் மணம் அற்றதென நம்மிற் பலர் எண்ணுகின்றனர். அச்சட்டத்தின் 29ஆம் பிரிவு வழக்கப்படியான மணமுறிவை ஒப்புகின்றது. ஆனால் அவ்வழக்கம் தொன்மையாய்த் தொடர்ந்து வருவதென நீதிமன்றத்தில் மெய்ப்பித்தல் வேண்டும். நம் வழக்கத்தை இயந்திரம் அறியாது. செல்லும் என்று அது கூறியதை நம்பி மறுமணஞ் செய்து, பின்னர் வழக்கம் மெய்ப்பிக்கப்படாதுபோயின், இரண்டாம் மணம் செல்லாது; குற்றவழக்கும் வரும்; வந்த பெண்ணின் வாழ்வும் கெடும். இயந்திரத்தின் சொல்லே அன்று, நம் சங்க முத்திரையிட்ட கடிதமும் நீதிமன்ற ஆணைக்கு ஈடாகாது.

வழக்கறிஞரிடம் கூறிய மறைபொருளைச் சட்டம் காக்கின்றது. இயந்திரத்தினிடம் தட்டெழுதிய வீட்டுச் செய்திக்கு அக்காப்பு இல்லை.

அக்கருவியை அறவே விலக்குக என்று யான் கூறேன். நிகழ்ச்சிகளை நாள்வாரியாக எழுதிக்கொள்ளவும், நோட்டீசிலுள்ள அருஞ்சொற்களை விளங்கிக்கொள்ளவும் அது பயன்படும். ஆனால், ஒப்பமிடுமுன் பத்திரத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுக. பொருளில்லையே எனக் கலங்கவேண்டா: 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்டிர்க்கும் குழந்தைகட்கும் வருமானம் எத்துணையாயினும் இலவச சட்டவுதவி உண்டு. தேனி மாவட்ட நீதிமன்றத்திலுள்ள ஆணைக்குழுவை நாடலாம். 15100 என்னும் எண்ணில் அழைத்தும் கேட்கலாம். செல்லுங்கால் திருமணச் சான்று, பட்டா, பழைய பத்திரங்கள் ஆகியவற்றை உடன்கொண்டு செல்க.