நாள் தள்ளிப்போய் அடிவயிறு வலித்தால்...

(ஊராட்சி ஒன்றிய அளவில் நடந்த மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்தில், அரசு மருத்துவமனை மகப்பேறு மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

பாதிப் பேர் இன்னைக்கு வேலைக்குப் போகாமல் இங்கே வந்திருக்கீங்கன்னு உங்க குழுத் தலைவி சொன்னாங்க. அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கே வந்துடறேன்.

கர்ப்பம்னு சொன்னா நமக்கு ஞாபகம் வருவது வளைகாப்பு, பிரசவம், அதுக்கு முந்தைய நாலைந்து மாசம். நான் பேசப்போவது அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடி வரும் ஒரு ஆபத்து. நாள் தள்ளி ஒரு வாரமோ இரண்டு வாரமோதான் ஆகியிருக்கும். கிராம சுகாதாரச் செவிலியரிடம் பெயர் பதிஞ்சிருக்க மாட்டாங்க. "மூணு மாசம் ஆகட்டும், கண்ணு பட்டுடும்" என்று வீட்டிலேயே சொல்லாமல் இருப்பாங்க. சிலருக்குத் தான் கர்ப்பமா இருக்கோம்னே தெரிஞ்சிருக்காது. அந்த நேரத்தில் வருவதுதான் கருக்குழாய்க் கர்ப்பம். ஆஸ்பத்திரியில் எக்டோபிக் என்று சொல்வாங்க.

கரு முதலில் உண்டாகும் இடம் கருப்பை இல்லை. கருப்பையின் இரண்டு பக்கமும் சுமார் 10 சென்டிமீட்டர் நீளத்தில் மெல்லிய குழாய் இருக்கு. கரு அங்கே உண்டாகி, நாலைந்து நாளில் நகர்ந்து கருப்பைக்கு வந்து ஒட்டிக்கொள்ளணும். நூறு கர்ப்பத்தில் ஒன்றிரண்டில் அது வேறு இடத்தில், பெரும்பாலும் குழாயிலேயே, ஒட்டிக்கொள்கிறது. கருப்பை விரிஞ்சு கொடுக்கும், குழாய் கொடுக்காது. கரு வளர வளரக் குழாய் வீங்கி, ஒரு கட்டத்தில் வெடிச்சிடும். பெரும்பாலும் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் இது தெரிய வரும். வாரக் கணக்கைக் கடைசியா மாதவிலக்கு வந்த முதல் நாளிலிருந்து எண்ணணும்.

எங்களிடம் வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்றேன். இருபத்தொன்பது வயசு, இரண்டு பிள்ளைகள். இரண்டாவது பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர். அந்த மாசம் ஒன்பது நாள் தள்ளிப்போச்சு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கறுப்பாக, காப்பித்தூள் கலந்த தண்ணி மாதிரி பட ஆரம்பிச்சது. "தள்ளி வந்த தூரம்தானே" என்று இருந்துட்டாங்க. மூணாம் நாள் அடிவயிற்றில் இடது பக்கம் வலி. மெடிக்கலில் வாய்வு மாத்திரை, சோடா. மறுநாள் விடியக்காலம் வெளிக்குப் போகிற மாதிரி முட்டிக்கொண்டு வந்து, கழிவறையில் மயங்கி விழுந்துட்டாங்க. பக்கத்து வீட்டு அக்கா ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தாங்க. உதடு வெளுத்து, கை கால் ஜில்லுன்னு, நாடி வேகமா ஓடுது. நாங்க "நாள் எப்போம்மா வந்தது?" என்று கேட்டதும் கூட வந்த அக்கா, "அவளுக்கு ஆபரேஷன் ஆயிடுச்சுங்க, அதெல்லாம் இல்லை" என்றாங்க. சிறுநீர்ப் பரிசோதனையில் இரண்டு கோடு! வயிற்றைத் திறந்தபோது ஒன்றரை லிட்டருக்கு மேல் ரத்தம் உள்ளே தேங்கியிருந்தது. பிழைச்சுட்டாங்க. இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்குமென்று சொல்ல எனக்கு மனசு வரலை.

அந்தப் பெண்ணுக்கு வெளியே பட்ட ரத்தம் ஒரு நாப்கின்கூட நனையலை. நம்மில் பலர், "அதிகமாப் படலையே, அப்புறம் என்ன பயம்" என்றுதான் நினைக்கிறோம். இந்த நோயில் ரத்தம் வயிற்றுக்குள்ளே கசியும். வெளியே தெரியும் அளவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

கவனிக்க வேண்டியவை என்னென்ன? நாள் தள்ளிப்போயிருப்பது, அடிவயிற்றில் வலி, குறிப்பாக ஒரு பக்கமா குத்துகிற மாதிரி வலி, வழக்கமான மாதவிலக்கு மாதிரி இல்லாத ரத்தப்போக்கு. இந்த மூணும் சேர்ந்தே வரணும்னு இல்லை. வலி மட்டும் வரலாம், ரத்தம் மட்டும் படலாம். நாள் தள்ளிப்போகலைன்னு நினைக்கிற பெண்ணுக்கும் வரலாம், ஏன்னா அந்தக் கசிவையே அவங்க மாதவிலக்குன்னு கணக்கு வைத்திருப்பாங்க. "இந்த மாசம் வந்தது எப்பவும் போல இருந்ததா, குறைவா, நிறம் மாறி, நாள் கூடுதலா இருந்ததா?" என்று கேட்டுப் பார்த்தால் பல நேரம் விஷயம் வெளியே வந்துடும்.

இன்னொரு அறிகுறி தோள்பட்டை நுனியில் வலி. முக்கியமா படுக்கும்போது. வயிற்றுப் பிரச்சனைக்குத் தோள் ஏன் வலிக்கணும்னு கேட்பீங்க. வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் மேலே போய் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானத்தை உறுத்தும். அதற்கும் தோளுக்கும் நரம்புத் தொடர்பு இருப்பதால் வலி தோளில் தெரியுது. களை எடுத்த வலி, தண்ணிக் குடம் தூக்கின வலி என்று தைலம் தேய்ச்சுக்கொண்டு படுத்திருந்தவங்களை நான் பார்த்திருக்கேன். அதே மாதிரி, மலம் வருவது போல ஆசனவாயில் அழுத்தம், எழுந்து நின்றால் தலைசுற்றல், கண் இருட்டுவது, சில்லென்ற வியர்வை. இதெல்லாம் வந்துட்டால் உள்ளே ரத்தம் போய்க்கொண்டு இருக்குன்னு அர்த்தம். அப்போது யோசிக்க நேரம் கிடையாது.

யாருக்கு அதிகம் வரும்? ஏற்கெனவே ஒரு தடவை வந்தவங்களுக்கு. இடுப்புப் பகுதியில் தொற்று வந்து குழாய் புண்ணானவங்களுக்கு. நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், காய்ச்சல், அடிவயிற்று வலி என்று வந்தால் வெட்கப்படாமல் வைத்தியம் பாருங்கன்னு நாங்க நச்சரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். குழாயில் ஆபரேஷன் ஆனவங்க, குழந்தைக்காகச் செயற்கைக் கருத்தரிப்பு செய்துகொண்டவங்க, இவங்களுக்கும் வாய்ப்பு கூடுதல். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன், காப்பர்-டி இரண்டும் நல்ல முறைகள். அவற்றையும் மீறிக் கர்ப்பம் தரிப்பது ரொம்ப அபூர்வம். ஆனால் தரித்தால், அது குழாயில் இருக்கும் வாய்ப்பு மற்றவங்களைவிட அதிகம். அதனால் "ஆபரேஷன் ஆயிடுச்சு" என்பதை ஒரு பதிலா சொல்லாதீங்க. இன்னொன்றையும் சொல்லிடறேன். இந்த நோயோடு வருபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இப்படி எந்தக் காரணமும் இருப்பதில்லை.

அடுத்து, கொஞ்சம் கோபத்தோடு சொல்லும் விஷயம். கிட்டில் இரண்டு கோடு வந்ததும், இப்போது குழந்தை வேண்டாமென்று, மெடிக்கலில் கருக்கலைப்பு மாத்திரை வாங்கிப் போடுவது. அந்த மாத்திரை கருப்பைக்குள் இருக்கும் கருவுக்குத்தான். குழாயில் இருக்கும் கருவை அது கலைக்காது. ஆனா மாத்திரை போட்டதும் ரத்தம் படும், வலிக்கும். "சரி, கலைஞ்சிடுச்சு" என்று நிம்மதியா இருப்பாங்க. குழாய்க்குள் கரு வளர்ந்துகொண்டே இருக்கும். கிட் கர்ப்பம் இருக்குன்னு சொல்லுமே தவிர எங்கே இருக்குன்னு சொல்லாது. அதை ஸ்கேன்தான் சொல்லணும். குழந்தை வேணும்னாலும் வேண்டாம்னாலும் முதலில் மருத்துவர்கிட்ட வாங்க. நாங்க திட்ட மாட்டோம். திட்டினால் வேறு மருத்துவர்கிட்டப் போங்க, கடைக்குப் போகாதீங்க.

வலியோ ரத்தப்போக்கோ வந்து, கர்ப்பமா இருக்க வாய்ப்பு இருந்தால், அன்னைக்கே ஆஸ்பத்திரி. ராத்திரி என்றால் ராத்திரியே. மயக்கம், தோள் வலி, தாங்க முடியாத வலி என்றால் 108. போனில், "வயிற்றுவலி" என்று மட்டும் சொல்லாதீங்க. "நாள் தள்ளிப்போயிருக்கு, கர்ப்பமா இருக்கலாம், வயிறு வலிச்சு மயக்கம் வருது" என்று சேர்த்துச் சொல்லுங்க. ஆபரேஷனும் ரத்தம் ஏற்றும் வசதியும் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு, அதாவது சீமாங் மையம் மாதிரி இடத்துக்கு, போக வேண்டிய கேஸ் இது. வண்டி வரும்வரை படுக்க வைங்க. டூவீலரில் நடுவில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு வராதீங்க. ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் காப்பி, ஜூஸ், சோறு எதுவும் கொடுக்காதீங்க. அவசரம் இல்லை, சந்தேகம்தான் என்றால் 104-க்குக் கூப்பிட்டுக் கேட்கலாம்.

ஆஸ்பத்திரியில் சிறுநீர்ப் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எடுப்பாங்க. ஆரம்ப வாரங்களில் வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தால் சரியாத் தெரியாது, அதனால் பிறப்புறுப்பு வழியா ஒரு சின்னக் கருவியை வைத்துப் பார்ப்பாங்க. கூச்சப்பட்டு வேண்டாமென்று எழுந்து போயிடாதீங்க, ஐந்து நிமிஷ வேலை. சில சமயம் முதல் ஸ்கேனில் கரு எங்கேயும் தெரியாது. இரண்டு நாள் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னால் கட்டாயம் வரணும். "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க" என்று வீட்டில் இருந்துடுவதுதான் ஆபத்து. குழாய் வெடிக்காமல், கரு சிறிதா இருக்கும்போதே கண்டுபிடித்தால் சிலருக்கு மெத்தோட்ரெக்சேட் ஊசியிலேயே சரியாகும், வயிற்றைத் திறக்க வேண்டாம். வெடிச்சுட்டால் ஆபரேஷன்தான். உங்க ரத்த வகை நெகட்டிவ் என்றால் மறக்காமல் சொல்லுங்க, ஆன்டி-டி ஊசி தேவைப்படலாம்.

அந்தக் கருவை எடுத்துக் கருப்பையில் வைக்க முடியாதான்னு எப்பவும் யாராவது ஒருத்தர் கேட்பாங்க. முடியாது. அதைச் சொல்வது எங்களுக்கும் கஷ்டம்தான், குழந்தைக்காகப் பல வருஷம் காத்திருந்தவங்களிடம் சொல்லும்போது இன்னும் கஷ்டம். மாமியார்கள் நிறையப் பேர் இருக்கீங்க. இதில் அந்தப் பெண் குடம் தூக்கினது, பப்பாளி சாப்பிட்டது, பஸ்ஸில் போனது எதுவும் காரணம் இல்லை. அவளும் ஒரு பிள்ளையை இழந்துட்டுத்தான் படுத்திருக்கா. கொஞ்ச நாள் அழுவா, அழட்டும்.

(கூட்டத்தில் ஒரு பெண்: "ஒரு குழாயை எடுத்துட்டா மறுபடி குழந்தை தங்குமா டாக்டர்?")

தங்கும்மா. இன்னொரு குழாய் நல்லா இருந்தால் பெரும்பாலானவங்களுக்கு இயற்கையாவே தங்கும். ஊசி போட்டவங்க மட்டும் குறைஞ்சது மூணு மாசம் கர்ப்பம் தள்ளிப்போடணும். அடுத்த தடவை நாள் தள்ளினதும், வலி இல்லைன்னாலும், ஆறு வாரத்திலேயே ஸ்கேன் எடுத்துக் கரு கருப்பைக்குள்ள இருக்கான்னு பார்த்துடணும். அதுவரை மூணு மாசம் ஆகட்டும்னு காத்திருக்கக் கூடாது.

சரி, டீ வந்துடுச்சு. எல்லோர் முன்னாடியும் கேட்க முடியாத விஷயம் யாருக்காவது இருந்தால், இரண்டு மணி வரை நான் பின்னாடி அறையில்தான் இருப்பேன். தனியா வாங்க.