கலங்கிய காலத்தில் ஒரு பெண்கள் பள்ளி

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை ஒட்டி நடைபெற்ற கல்விப் பரிசளிப்பு நிகழ்ச்சியில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பரிசளிப்பு விழாக்களில் அறிவுரை கூறுவது வழக்கம். இன்று நாம் அறிவுரை கூறுவதைக் காட்டிலும் ஒரு வரலாற்றை எடுத்துரைக்க விழைகின்றோம். நாடு கொந்தளித்துக் கிடந்த இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பெண்கள் பள்ளியைத் தம் தோளில் சுமந்து நின்ற ஒரு விதவைப் பெண்மணியின் வரலாறு அது. அவர்தாம் பேகம் ருகையா சகாவத் ஹுசைன். வங்காள மக்கள் அவரை 'ரொக்கேயா' என்று அழைப்பர்.

மெழுகுவத்தி வெளிச்சத்தில்

1880ஆம் ஆண்டு, இன்று பங்களாதேஷில் உள்ள ரங்பூர் மாவட்டத்தின் பைராபந்த் என்னும் சிற்றூரில், ஜமீன்தார் குடும்பத்தில் ருகையா பிறந்தார். வீட்டில் செல்வத்திற்குக் குறைவில்லை. ஆனால் பெண் மக்கள் பள்ளிக்கூட வாசலை மிதிக்க வழியில்லை. குர்ஆன் ஓதலாம், சிறிது உருது பயிலலாம். வங்காளமும் ஆங்கிலமும் கூடாது என்பது அக்கால மேட்டுக்குடியினரின் கட்டுப்பாடு. மூத்த சகோதரர் இப்ராஹீம் சாபிர், வீடு உறங்கிய பின்னர் மெழுகுவத்தி ஏற்றி வைத்துத் தங்கைக்கு ஆங்கிலம் கற்றுக் கொடுத்தார். மூத்த சகோதரி கரீமுன்னிஸா வங்காள மொழியின்பால் ஆர்வத்தை ஊட்டினார். பள்ளிக்கூடத்தையே காணாத அச்சிறுமிதான் பிற்காலத்தில் பள்ளி நிறுவினார் என்பதை நாம் மனத்தில் இருத்திக் கொள்ள வேண்டும்.

அவரை மணந்தவர் பாகல்பூரில் டெபுடி மாஜிஸ்திரேட்டாகப் பணியாற்றிய சையித் சகாவத் ஹுசைன். மனைவியின் எழுத்தார்வத்தை அவர் மதித்தார். பெண்கள் பள்ளி ஒன்று அமைய வேண்டும் என்று கருதிப் பத்தாயிரம் ரூபாயை ஒதுக்கி வைத்தார். பிறந்த இரு பெண் குழந்தைகளும் சிசுப் பருவத்திலேயே இறையடி சேர்ந்தன. 1909ஆம் ஆண்டு மே மாதம் கணவரும் மரணமடைந்தார். அப்போது ருகையாவுக்கு முப்பது வயது கூட நிறையவில்லை.

சென்னையில் வெளிவந்த கனவு

பள்ளி தொடங்குவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1905இல், 'சுல்தானாவின் கனவு' என்னும் ஆங்கிலக் கதையை அவர் எழுதியிருந்தார். அக்கதை முதன்முதலில் அச்சேறியது நம் சென்னையில்தான். கமலா சத்தியநாதன் அம்மையார் சென்னையிலிருந்து நடத்திய 'இண்டியன் லேடீஸ் மேகஸின்' என்னும் இதழே அதை வெளியிட்டது.

அக்கதையில் பெண்கள் ஆளும் ஒரு நாடு வருகிறது. அந்நாட்டின் மீது எதிரி படையெடுத்து வருகின்றான். ஆண்களின் சேனை தோற்றுப் பின்வாங்குகிறது. அவ்வேளையில் பெண்கள் பல்கலைக் கழகம் ஒன்றின் தலைவி, தம் மாணவியர் இரண்டாயிரம் பேருடன் போர்க்களம் சென்று, சூரிய வெப்பத்தைத் திரட்டி எதிரிமேல் பாய்ச்சி நாட்டைக் காக்கின்றார். நாடு ஆபத்தில் இருக்கும்போது பெண் கல்வி ஒத்தி வைக்கத்தக்க காரியமன்று, நாட்டைக் காக்கும் காரியமே அதுதான் என்பது அக்கதையின் உட்பொருள். எழுதியதோடு அவர் நின்றுவிடவில்லை.

எட்டுப் பிள்ளைகள்

கணவர் மறைந்து ஐந்தே மாதங்களில், 1909 அக்டோபரில், பாகல்பூரில் ஐந்து மாணவியருடன் அவர் பெயராலேயே பள்ளியைத் தொடங்கினார். குடும்பச் சொத்துத் தகராறு அவரை அங்கே நிலைகொள்ள விடவில்லை. ஊரை விட்டுக் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தார். 1911 மார்ச் 16ஆம் நாள் வலியுல்லா சந்தில் ஒரு வாடகை வீட்டில் 'சகாவத் நினைவுப் பெண்கள் பள்ளி' மீண்டும் திறக்கப்பட்டது. வந்த பிள்ளைகள் எட்டுப் பேர்.

வகுப்பு எப்படி நடத்துவது, பாட அட்டவணை எப்படி வகுப்பது என்பதை அவர் எங்கும் கற்றவரல்லர். ஆகவே பிரம்ம சமாஜத்தாரும் கிறிஸ்தவர்களும் நடத்திய பள்ளிகளுக்குச் சென்று, அங்கே நடப்பவற்றைக் கண்டறிந்து வந்தார். தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, எவரிடமும் சென்று கற்க அவர் வெட்கப்படவில்லை. பெற்றோர்களிடமும் வீடு வீடாகச் சென்று, பிள்ளைகளை அனுப்புமாறு மன்றாடினார். தகுதியான ஆசிரியைகள் கல்கத்தாவில் கிடைக்காதபோது சென்னை, கயா, ஆக்ரா போன்ற ஊர்களிலிருந்து வரவழைத்தார். அடிக்கடி வீடு மாற்ற வேண்டியிருந்தது. பணம் போட்டு வைத்த வங்கி முறிந்து போன சோதனையும் வந்தது. இத்தனைக்கும் இடையில் 1915இல் மாணவியர் எண்ணிக்கை எண்பத்து நான்காக உயர்ந்தது.

நாடு கொதித்த நாள்கள்

அது எத்தகைய காலம் என்பதையும் சிறிது நோக்குவோம். 1905இல் வங்காளம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. சுதேசி இயக்கம் கிளர்ந்தது. பள்ளி கல்கத்தாவில் திறந்த அதே 1911ஆம் ஆண்டின் டிசம்பரில் பிரிவினை ரத்து செய்யப்பட்டு, தலைநகரம் டில்லிக்கு மாறும் என அறிவிக்கப்பட்டது. முஸ்லிம்கள் பலர் மனமுடைந்தனர். 1914இல் முதல் உலகப்போர் மூண்டது. அது ஓய்ந்ததும் கிலாபத், ஒத்துழையாமை இயக்கங்கள். 1926 ஏப்ரலில் கல்கத்தா வீதிகளில் இந்து முஸ்லிம் கலவரம் மூண்டு, பல உயிர்கள் பலியாயின. 1930இல் சட்டமறுப்பு இயக்கம்.

1920இல் அரசு சார்ந்த கல்விக் கூடங்களைத் துறந்து வெளியேறுமாறு மாணவர்களுக்கு அறைகூவல் விடப்பட்டது. அலிகரில் வெளியேறிய மாணவர்களும் ஆசிரியர்களும் ஜாமிஆ மில்லியாவை அமைத்தனர். ஆண் மக்களுக்கு ஒரு கல்லூரியை விட்டால் இன்னொரு கல்லூரி கிடைக்கும். முஸ்லிம் பெண் மக்களுக்கோ கல்கத்தா முழுவதிலும் விரல் விட்டு எண்ணத்தக்க பள்ளிகளே இருந்தன. அவற்றில் ஒன்று மூடப்பட்டால், பிள்ளைகள் அடுத்த பள்ளிக்குச் செல்ல மாட்டார்கள். அடுப்படிக்கே திரும்பிச் செல்வார்கள். அரசின் உதவித் தொகையைப் பெற்றுவந்த அப்பள்ளி அக்கொந்தளிப்பிலும் கதவை மூடவில்லை.

இதனால் அவர் நாட்டுப் பற்று அற்றவர் என்று எவரும் எண்ணிவிடலாகாது. 1922இல் வெளிவந்த 'மோதிசூர்' இரண்டாம் தொகுதியில் 'முக்திபல்' என்றொரு உருவகக் கதை உள்ளது. நோயுற்றுக் கிடக்கும் ஏழைத் தாயை மீட்கப் புதல்வர்கள் பாடுபடுகின்றனர். புதல்வியரை ஒதுக்கி வைத்த வரையில் அவர்கள் முயற்சி கைகூடவில்லை. அந்தத் தாய் யார் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

காற்றில் அசைந்த திரை

தாய்மார்களே, இப்போது ஒரு வண்டியின் கதையைக் கேளுங்கள். அவர் 'அவரோத்பாசினி' என்னும் நூலில் தாமே எழுதி வைத்த சம்பவம் இது. அந்நூல் 1931இல் வெளிவந்தது.

பிள்ளைகளை அழைத்துவரப் பள்ளிக்கு ஒரு பேருந்து வாங்கப்பட்டது. பர்தாவுக்குச் சிறிதும் பங்கம் வரலாகாது என்று அதை நாற்புறமும் அடைத்தே கட்டினார்கள். காற்று நுழைய மேலே சிறு வலைத் துளைகள் மட்டுமே. பிள்ளைகள் இருட்டிலும் வெப்பத்திலும் வாடி, சிலர் வாந்தி எடுத்தனர், சிலர் மயங்கினர். இது நகரும் இருட்டறை என்று தம் மருமகன் கூறியதாகத் தோழி ஒருவர் அவரிடம் தெரிவித்தார். உடனே பக்கவாட்டுத் தட்டிகளை எடுத்துவிட்டுத் துணித் திரைகள் தொங்கவிடப்பட்டன. பிள்ளைகள் மூச்சு விட்டனர். ஆனால் கடிதங்கள் வரத் தொடங்கின. காற்றில் திரை அசைகின்றது, பிள்ளைகள் கண்ணில் படுகின்றனர், இதைத் திருத்தாவிடில் பத்திரிகைகளில் எழுதிப் பள்ளியின் பெயரைக் கெடுப்போம் என்று மிரட்டின அக்கடிதங்கள். எழுதியவர்களுள் ஒருவர் 'இஸ்லாமியச் சகோதரன்' என்றே கையொப்பமிட்டிருந்தார்.

அடைத்தால் பிள்ளைகள் மயங்குகின்றனர். திறந்தால் சமுதாயம் சீறுகின்றது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவர் வாழ்நாள் முழுவதும் பள்ளி நடத்தினார். நாட்டின் கலகம் வெளியே இருந்தது; இந்தக் கலகம் வாசற்படியிலேயே இருந்தது. எது பெரிய கலகம் என்று நம்மால் துணிந்து கூற முடியவில்லை.

அவர் பர்தாவை எதிர்த்தவர் என்று சிலர் கூறுவதுண்டு. அது முழு உண்மையன்று. அவர் பர்தாவைப் பேணியவாறே பள்ளியை நடத்தினார். பர்தா கல்விக்குத் தடையாகாது என்று 'புர்கா' என்னும் கட்டுரையில் எழுதினார். அவர் எதிர்த்தது பெண்ணை வீட்டுக்குள் பூட்டி வைக்கும் வழக்கத்தை. மார்க்கம் பணித்த நாணம் வேறு, ஊரார் கட்டிய சிறை வேறு என்பதே அவர் நிலை.

பள்ளியில் குர்ஆன் ஓதுதலும், அரபு, உருது, பார்ஸி, வங்காளம், ஆங்கிலமும் கற்பிக்கப்பட்டன. தையல், சமையல், நோயாளியைப் பேணுதல், தோட்ட வேலை, உடற்பயிற்சி ஆகியவையும் பாடத்திட்டத்தில் இடம் பெற்றன. தீனும் துன்யாவும் ஒரே கூரையின் கீழ் அமைந்தன.

கூட்டம் எங்கே?

பிள்ளைகளுக்குக் கற்பித்தால் மட்டும் போதாது, தாய்மாரும் விழித்தெழ வேண்டும் என்று கருதி 1916இல் 'அஞ்சுமனே கவாத்தீனே இஸ்லாம்' என்னும் மாதர் சங்கத்தை நிறுவினார். ஏழை விதவைகளுக்கு உதவி, குடிசைப் பகுதிப் பெண்களுக்கு எழுத்தறிவு, அனாதைப் பெண்களுக்கு ஆதரவு ஆகியவை அதன் பணிகள். தொடக்க நாளில் ஒரு பெண்மணியை மிகவும் வற்புறுத்திக் கூட்டத்திற்கு அழைத்து வந்தார்களாம். எல்லாம் முடிந்து வீடு திரும்பும் வேளையில் அப்பெண்மணி, கூட்டம் என்று சொல்லி அழைத்து வந்தீர்களே, கூட்டத்தைக் காணவே இல்லையே என்றாராம். நான்கு பேர் கூடி அமர்ந்து பொதுக் காரியம் பேசுவதுதான் கூட்டம் என்பதையே அவர் அறிந்திருக்கவில்லை. இதைக் கேட்டுச் சிரிக்கின்றோம்; சிரித்த பின், நம் ஜமாஅத் கூட்டங்களில் நம் வீட்டுப் பெண்களுக்கு எத்தனை முறை இடமளித்தோம் என்றும் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

1930ஐ ஒட்டி அப்பள்ளி உயர்நிலைப் பள்ளியாயிற்று. 1932 டிசம்பர் 9ஆம் நாள் விடியற்காலையில் அவர் மரணமடைந்தார். பெண்களின் உரிமை பற்றிய ஒரு கட்டுரை முற்றுப் பெறாமல் எஞ்சியது. அவருடன் பணியாற்றிய ஷம்சுன்னஹார் மஹ்மூத் பின்னர் அவர் வரலாற்றை நூலாக எழுதினார். பள்ளி பிற்காலத்தில் அரசுப் பள்ளியாகி, இன்றும் கொல்கத்தா லார்ட் சின்ஹா சாலையில் நடைபெற்று வருகின்றது. பங்களாதேஷில் ஆண்டுதோறும் டிசம்பர் 9 'ரொக்கேயா நாள்' ஆகக் கொண்டாடப்படுகின்றது. எட்டுப் பிள்ளைகளுடன் தொடங்கியது வீண் போகவில்லை.

நம் முன் உள்ள தீர்மானம்

ஜமாஅத்தார்களே, இவ்வரலாற்றை இன்று நாம் கூறியதற்குக் காரணம் உண்டு. நம் பெண் பிள்ளைகள் பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளிக்குச் சென்று வர வேன் ஏற்பாடு செய்யும் தீர்மானம் இக்கூட்டத்தின் முன் உள்ளது. காலம் சரியில்லை, நாட்டு நிலைமை சீரானதும் பார்க்கலாம் என்று பெரியவர்கள் சிலர் கருத்துரைத்துள்ளனர். அவர்களின் அச்சம் பிள்ளைகள் மீதுள்ள பாசத்தினால் எழுவது. அதை நாம் மதிக்கின்றோம்.

ஆயினும் பணிவுடன் ஒன்றை எடுத்துரைக்கின்றோம். பேகம் ருகையா காலம் சீராகட்டும் என்று காத்திருந்தால், 1911இலும் திறந்திருக்க மாட்டார். 1920இலும் 1926இலும் பள்ளி இருந்திராது. நாட்டு நிலைமை சீரடையும் நாளுக்காகப் பத்தாம் வகுப்புப் பிள்ளை காத்திருக்க இயலாது. அவளுக்கு வயது ஏறிக்கொண்டே இருக்கின்றது.

பாதுகாப்புத் தேவை என்றால் பாதுகாப்பைச் செய்வோம். நம்பிக்கைக்குரிய ஓட்டுநர், உடன் செல்லும் ஒரு மூத்த பெண்மணி, புறப்படும் நேரமும் திரும்பும் நேரமும் எழுதப்படும் ஒரு பதிவேடு, இவை நம் சக்திக்கு அப்பாற்பட்டவை அல்ல. அவ்வேனைக் கவனிக்கும் குழுவில் தாய்மார் இருவரையேனும் சேர்த்துக் கொள்வோம். ஜன்னல் திரை காற்றில் அசைந்தால் அது குறித்துக் கடிதம் எழுதுவோராக நாம் இராமல், வண்டிக்கு டீசல் போட உதவுவோராக இருப்போம்.

இத்தீர்மானம் ஒருமனதாக நிறைவேற வேண்டும் என்று கேட்டு, வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயன் தரும் கல்வியை வழங்கி அருள்வானாக என்ற துஆவுடன் நிறைவு செய்கின்றோம்.

வஸ்ஸலாம்.